கலப்புத் துணிக் கழிவின் மறுவாழ்வு

பழைய பருத்திச் சேலைக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் நீண்ட வாழ்நாள் இருந்தது. உடுத்துக் கிழிந்த பின்னர் அது குழந்தைக்கு ஏணையாயிற்று. ஏணைக்கும் உதவாத காலத்தில் புண்ணுக்குக் கட்டுத் துணியாகவும், அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணியாகவும், ஈற்றில் விளக்குத் திரியாகவும் பயன்பட்டது. எஞ்சிய கந்தை வளவின் மூலையிற் குப்பையோடு கிடந்து, இரண்டொரு மாரிக்குள் மக்கி மண்ணோடு மண்ணாயிற்று. துணிக் கழிவு என்றொரு பிரச்சினை உண்டு என்ற எண்ணமே அக்காலத்து இல்லத்தரசிகளுக்குத் தோன்றியிருக்க இடமில்லை.

நைலோனும் பொலியெஸ்டரும் வந்தபின் இந்த ஒழுங்கு மாறிவிட்டது. சுருங்காமை, விரைவில் உலர்தல், பூச்சி அரியாமை, நெடுநாள் இற்றுப் போகாமை என்பன இச்செயற்கை இழைகளின் சிறப்புகள். உடுத்தும் வரையிற் சிறப்பாயிருந்த குணங்களே கழிவாகும்போது குற்றங்களாகி விடுகின்றன. காயத்தின் ஈரத்தை அத்துணி உறிஞ்சாது. விளக்கிலிட்டால் திரியாக நின்றெரியாமல் உருகிச் சொட்டும். மண்ணிற் புதைத்தால் மக்காது. 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் உற்பத்தியான இழைகள் ஏறத்தாழ 12 கோடியே 40 இலட்சம் தொன் எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் நூற்றுக்கு 57 பங்கு பொலியெஸ்டர் ஒன்றே. ஆடைக்கென்று செல்லும் பொருளிலே மீண்டும் புதிய ஆடையாகத் திரும்பி வருவதோ நூற்றில் ஒரு பங்கினுங் குறைவு.

இலங்கை மக்களுக்கு இவ்விடயம் தூரத்துச் செய்தியன்று. 1977 இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, மறு ஆண்டு கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த காலந்தொட்டு ஆடைக் கைத்தொழில் வளர்ந்து, நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதிகளுள் முதலிடம் பெற்றது. நாடுகளுக்கிடையே ஆடை ஏற்றுமதியைப் பங்கிட்ட ஒதுக்கீட்டு முறை 2004 ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. அதன் பின்னர், மலிவான சட்டைகளிற் பெரிய நாடுகளோடு போட்டியிடுவது அரிது என்று கண்ட இலங்கைத் தொழிலதிபர்கள் உள்ளாடை, விளையாட்டுடை முதலிய நுண்ணிய வேலைப்பாடுள்ள ஆடைகளிற் கூடிய கவனஞ் செலுத்தினர். இவ்வாடைகள் பெரும்பாலும் கலப்புத் துணிகளினால் ஆனவை. நைலோனோடு ஸ்பாண்டெக்ஸ், பொலியெஸ்டரோடு ஸ்பாண்டெக்ஸ், பருத்தியோடு பொலியெஸ்டர் என்றவாறு இரண்டும் மூன்றுமாக இழைகள் அவற்றிற் பின்னிக் கிடக்கின்றன.

ஆடைத் தொழிற்சாலையின் வெட்டும் மண்டபத்திலேதான் கழிவு பிறக்கின்றது. நீண்ட மேசையின்மீது துணியைப் பல அடுக்குகளாக விரித்து, மேலே அளவுக் கோடிட்ட தாளை வைத்து, மின்சாரக் கத்தியினால் வெட்டுவர். துணியோ நாற்கோண வடிவமுடையது. கையும் கழுத்தும் தோளுமோ வளைவானவை. எவ்வளவு நெருக்கமாக வரைந்தாலும் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையிலே துண்டுகள் எஞ்சத்தான் செய்யும். ஆடையின் அமைப்பைப் பொறுத்து, வாங்கிய துணியிற் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இவ்வாறு தரையில் விழுவது உலகெங்கும் வழக்கம். கடல் கடந்து விலை கொடுத்து வாங்கிய துணி, ஒருநாளேனும் உடலைத் தொடாமற் கழிவாகின்றது.

இக்கழிவு செல்லும் வழிகள் சில. பெரிய துண்டுகளைச் சிறு வியாபாரிகள் வாங்கிக் கால்மிதியும் தலையணையும் செய்விப்பர். ஒரு பகுதி புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் எரிபொருளாகின்றது. செயற்கை இழை பெற்றோலியத்திலிருந்து வந்ததாகையால் நன்கு எரியும். 1,400 பாகை செல்சியஸைத் தாண்டும் சூளையின் வெப்பத்தில், தெருவோரத்தில் எரிப்பதால் எழும் நச்சுப் புகைக்கு இடமில்லை. எனினும் எரித்த பொருள் மீள்வதில்லை. குப்பை மேட்டுக்குப் போகும் பகுதியோ அங்கேயே நிலைத்துவிடுகின்றது. குப்பையை மேடாகக் குவிப்பதன் விளைவு யாதென்பதை 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்ல மக்கள் கண்டனர். நகரத்துக் குப்பைமலை சரிந்து அயல் வீடுகளை மூடியபோது முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இக்கழிவை மீண்டும் பயனுள்ள பொருளாக்க இயலுமா என்பதே கேள்வி. இயலும் என்ற விடைக்கு ஆதாரம் அத்துணியின் பிறப்பிலேயே அமைந்துள்ளது. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி வாலஸ் கரோதர்ஸ் நைலோனைக் கண்டார். 1941 இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்டர் இழையைக் கண்டனர். 1958 இல் ஜோசப் ஷிவர்ஸ் என்பவர் இழுத்தால் நீண்டு, விட்டாற் சுருங்கும் ஸ்பாண்டெக்ஸை ஆக்கினார். இவையாவும் சிறு மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்த நெடுஞ் சங்கிலிகள். பொலியெஸ்டரை உருக்கி நுண்டுளைகள் வழியே இழுத்தால் நூல். அதே பொருளை அச்சில் ஊதினாற் குடிநீர்ப் போத்தல். நைலோனை நூலாக இழுத்தாற் காலுறை. அச்சில் வார்த்தாற் பொறிகளின் பற்சில்லு. எனவே செயற்கைத் துணி என்பது நூல் வடிவிலுள்ள பிளாஸ்டிக்கே. உருக்கினால் அது தன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

ஒரே இழையாலான துணியாயின் அவ்வாறே திரும்புகின்றது. தனி நைலோன் துண்டுகளையோ தனிப் பொலியெஸ்டர் துண்டுகளையோ முதலில் நறுக்குவர். நறுக்கிய துண்டு பஞ்சுபோற் பொங்கி நிற்குமாகையால் உருக்கும் பொறியின் வாய்க்குள் எளிதில் இறங்காது. ஆதலால் அதைச் சூடேற்றி நெருக்கிக் கட்டியாக்குவர். பின்னர் உலர்த்துவர். பொலியெஸ்டரில் ஈரம் இருந்தால், உருகும் வெப்பத்தில் அந்நீரே சங்கிலியின் கண்ணிகளை வெட்டிவிடும். பத்து இலட்சம் பங்கில் ஐம்பது பங்குக்கு மேல் ஈரம் இருத்தலாகாது என்பது இத்தொழிலின் வழமையான விதி. உலர்ந்த கட்டியைத் திருகாணி சுழலும் நீண்ட குழாயில் உருக்கி, வலையால் வடித்து, இடியப்பம் பிழிவதுபோல இழைகளாகத் தள்ளி, நீரிற் குளிர்வித்து, சிறு மணிகளாக வெட்டுவர். இம்மணிகளே பிளாஸ்டிக்குத் தொழிலின் மூலப்பொருள். சட்டை கொழுவியும் பொத்தானும் பெட்டியும் பலகையும் இவற்றிலிருந்தே வார்க்கப்படுகின்றன.

கலப்புத் துணியாயின் இம்முறை தடைப்படுகின்றது. பருத்தி உருகும் இயல்பற்றது. பொலியெஸ்டர் உருகுவதற்கு ஏறத்தாழ 260 பாகை வேண்டும். அவ்வெப்பத்திற் பருத்தி கருகத் தொடங்கிவிடும். ஸ்பாண்டெக்ஸும் அவ்வெப்பத்தைத் தாங்காது சிதைந்து, வாயுவை வெளிவிட்டு, உருகிய குழம்பில் மஞ்சள் நிறத்தையும் குமிழ்களையும் உண்டாக்கும். பருத்தியும் ஸ்பாண்டெக்ஸும் இல்லாது, நைலோனும் பொலியெஸ்டரும் மாத்திரம் இருந்தாலுந் தொல்லை தீர்வதில்லை. இரண்டும் உருகும், உருகியபின் எண்ணெயும் நீரும்போலத் தனித்தனியே நிற்கும். ஒன்றனுள் மற்றொன்று துளிகளாய்ச் சிதறி அப்படியே இறுகும். அத்துளிகளைச் சுற்றிலும் ஒட்டாத எல்லை இருப்பதால் வார்த்த பொருள் சிறு அடிக்கே பிளந்துவிடும். இவற்றோடு சாயம் வேறு உண்டு. பல நிறத் துண்டுகள் ஒன்றாக உருகினாற் கிடைப்பது மங்கிய கருமையே.

இத்தடை புதியதன்று. 1813 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் யோர்க்சயர் மாகாணத்திலுள்ள பட்லி என்னும் ஊரிலே பெஞ்சமின் லோ என்பவர் பழைய கம்பளிக் கந்தைகளைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் தொழிலைத் தொடக்கினார். பட்லியும் அயலூரான டியூஸ்பரியும் அத்தொழிலாற் செழித்தன. பருத்திப் பாவும் கம்பளி ஊடையுமாக நெய்த கலப்புத் துணி பெருகியபோது அவர்களுக்கும் இதே இடர் நேர்ந்தது. கந்தையை மென் அமிலத்தில் தோய்த்துச் சூடேற்றினர். பருத்தி கருகிப் பொடியாயிற்று, கம்பளி நின்றது. ஒன்றை அழித்து மற்றொன்றைக் காப்பது என்ற அந்த உபாயமே இன்றைய விஞ்ஞானக்கூடங்களில் வேறு வடிவத்திற் காணப்படுகின்றது.

இன்று கையாளும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது வழி, பிரிக்காமலே இணக்குதல். நைலோனோடு ஒரு முனையும், மற்றைப் பிளாஸ்டிக்கோடு ஒரு முனையும் பொருந்தக்கூடிய ஒரு சேர்வையைச் சிறிதளவு கலந்து உருக்குவர். இரு பகுதியாருக்கும் உறவான ஒருவர் நடுவிலிருந்து கைகோத்து வைப்பதுபோல, அச்சேர்வை துளிக்கும் சுற்றுப் பொருளுக்கும் இடையே நின்று பற்றிக்கொள்ளும். துளிகள் நுண்ணியனவாகும், வார்த்த பொருள் உறுதிபெறும். உருக்கும்போது அறுந்த சங்கிலிகளை மீண்டும் தொடுக்கும் சேர்வைகளும் உள. இவற்றால் உயர்தரப் பிளாஸ்டிக்குக் கிடைக்குமென எதிர்பார்த்தல் தகாது. சாயமும் பூச்சு மருந்தும் கலந்திருப்பதால் உணவுப் பாத்திரத்துக்கு அது ஆகாது. கொழுவி, நூற்கூம்பு, சுமைதாங்கிப் பலகை என்பவற்றுக்குப் போதுமானது.

இரண்டாவது வழி, உருகாததை உருகாமலே பயன்படுத்தல். பொலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கு ஏறத்தாழ 165 பாகையில் உருகும். அவ்வெப்பத்திற் பருத்தி கருகுவதில்லை, பொலியெஸ்டர் உருகுவதுமில்லை. ஆகவே நறுக்கிய கலப்புத் துணியைப் பொலிபுரோப்பிலீனுள் இட்டு அழுத்தினால், மண்சுவரிற் கலந்த வைக்கோல்போல அந்த இழைகள் பலகைக்கு வலுவூட்டும்.

இவ்வழிக்குப் பழைய உதாரணம் ஒன்றுண்டு. கிழக்கு ஜேர்மனியில் உருக்குத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், பருத்திக் கழிவைப் பினோல் பிசினோடு சேர்த்து அழுத்தி மோட்டார் வண்டியின் உடற்கூட்டைச் செய்தனர். 1957 முதல் 1991 வரை அவ்வகைத் திரபாந்த் வண்டிகள் ஏறத்தாழ முப்பது இலட்சம் வெளிவந்தன. கழிவிலிருந்து பயன் கண்டதற்கு அது நல்ல சான்று. ஆனால் அப்பிசின் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகும் இயல்பற்றது. வண்டிகள் கைவிடப்பட்டபோது அக்கூட்டை என்ன செய்வது என்று அறியாமல் மக்கள் இடர்ப்பட்டனர். ஒரு கழிவைத் தீர்க்கும் வழி நாளைக்கு இன்னொரு கழிவைத் தோற்றுவிக்குமோ என்று முன்கூட்டியே வினவுதல் வேண்டும் என்பது இதனாற் பெறும் பாடம்.

மூன்றாவது வழி, இரசாயன முறையாற் சங்கிலியையே கழற்றுதல். பொலியெஸ்டரை எதிலீன் கிளைக்கோலோடு சேர்த்து ஊக்கியின் துணையாற் சூடேற்றினால், கண்ணிகள் கழன்று ஆதிச் சிறு மூலக்கூறுகளுக்கு அண்மையான நிலையை அடையும். அவற்றைத் தூய்மைசெய்து சாயத்தை நீக்கி மீண்டும் கோத்தாற் புதியதற்கு நிகரான பொலியெஸ்டர் பிறக்கும். 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெலவெயர்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் நுண்ணலை வெப்பத்தையும் நாக ஒட்சைட்டு ஊக்கியையும் கொண்டு, கலப்புத் துணியிலுள்ள பொலியெஸ்டரையும் ஸ்பாண்டெக்ஸையும் பதினைந்து நிமிடத்திற் கழற்றிக் காட்டினர். பருத்தியும் நைலோனும் பெரிதும் சேதமின்றி எஞ்சின. ஹொங்கொங்கின் துணி ஆராய்ச்சி நிறுவனம் 2017 இல் அறிவித்த முறை மறுதலையானது. நீர், வெப்பம், அமுக்கம், சிறிதளவு மென் இரசாயனம் ஆகியவற்றால் அம்முறை பருத்தியைப் பொடியாக்கிப் பொலியெஸ்டர் இழையை இழையாகவே மீட்கின்றது. பட்லி ஊரார் கையாண்ட உபாயத்தின் பேரப்பிள்ளை இதுவெனலாம்.

விஞ்ஞானத்தால் இயல்வது யாவும் வியாபாரத்தில் நிலைப்பதில்லை. பெற்றோலியத்திலிருந்து நேரே வரும் புதிய பொலியெஸ்டர் மலிவானது. மீட்ட பொலியெஸ்டர் என்று இன்று ஆடைகளிற் காட்டப்படுவதிலும் மிகப் பெரும்பகுதி குடிநீர்ப் போத்தல்களிலிருந்து வந்ததேயன்றிப் பழந் துணியிலிருந்து வந்ததன்று. பருத்திக் கழிவைக் கரைத்துப் புதிய இழைக்கு வேண்டிய கூழாக்குவதற்கென 2022 இற் சுவீடன் நாட்டின் சுந்த்ஸ்வால் நகரில் பெரியதோர் ஆலை தொடங்கியது. உலகம் வியந்து பார்த்த அந்நிறுவனம் 2024 பெப்புருவரியில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. கூழை வாங்குவோர் போதிய அளவு முன்வராமை அதற்குக் காரணங்களுள் ஒன்று. பின்னர் அது வேறு கைக்கு மாறிற்று. எனவே புதிய இயந்திரம் ஒன்றை இறக்குமதி செய்தாற் கழிவு தீர்ந்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

பிளாஸ்டிக்கு மணிகள் செய்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 2021 ஆம் ஆண்டில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அண்மையில் எரிந்து மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக்கு மணிகள் கடலிற் சிந்தின. நீர்கொழும்பு முதலாய கரையோரங்களிலே வெண்மணல்போல அவை குவிந்து கிடந்ததையும், மீனவர் தொழிலிழந்து நின்றதையும் நாடு மறவாது. கழிவை மீட்கும் ஆலையின் முற்றத்தில் மணிகளும் நறுக்கிய இழைத் தூளும் சிந்தி, மழைநீரோடு ஓடைக்குச் செல்லுமாயின், நிலத்துக் குப்பையைக் கடலுக்கு மாற்றியதாகவே அது முடியும்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, எந்த முறையைக் கையாண்டாலும் அதன் வெற்றி ஒரு காரியத்தில் தங்கியிருப்பது புலனாகும். இத்துண்டு இன்ன இழையாலானது, இன்ன விகிதத்திற் கலந்தது என்ற அறிவே அது. துணி, சுருளாகத் தொழிற்சாலைக்குள் வரும்போது இவ்விபரம் எழுத்தில் உண்டு. வெட்டும் மேசையிலும் அவ்விபரம் உண்டு. மாலையில் தும்புத்தடி எல்லாவற்றையும் ஒரே மூலைக்குக் கூட்டிச் சேர்க்கும் அந்த நிமிடத்திலேதான் அது அழிந்துபோகின்றது. அழிந்த அறிவை மீட்பதற்குப் பின்னர் ஒளிக்கதிர்க் கருவிகளும், அமிலங்களும், ஊக்கிகளும் தேவைப்படுகின்றன. பெயர் தெரிந்த துண்டு மூலப்பொருள். பெயர் தெரியாத துண்டு குப்பை.

ஆகவே சீர்திருத்தம் வெட்டும் மேசையின் அருகிலிருந்து தொடங்குதல் நலம். நைலோன் கலப்புக்கு ஒரு சாக்கு, பொலியெஸ்டர் கலப்புக்கு ஒரு சாக்கு, பருத்தி கூடியதற்கு ஒரு சாக்கு, வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் வேறொன்று என்று வைத்து, சுருளின் சீட்டை அச்சாக்கிற் கட்டிவிடுவதற்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை. அதைச் செய்பவர் அங்கு வேலை செய்யும் பெண்களே. துணியைத் தொட்ட மாத்திரத்தில் இன்ன வகை என்று சொல்லும் கைப்பழக்கம் அவர்களிடம் உண்டு. அவ்வேலைக்கு நேரமும் உரிய கூலியும் ஒதுக்காமல், நாளின் இலக்கோடு இதையுஞ் சேர்த்துச் சுமத்தினால் ஒழுங்கு இரண்டு கிழமைக்கு மேல் நில்லாது. ஆடையை வரைவோரும் தம் பங்கைச் செய்யலாம். ஒரே இழையாற் செய்யக்கூடிய ஆடையில் அழகுக்காக மட்டும் வேறோர் இழையைக் கலப்பதை அவர்கள் தவிர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலே துணிக் கழிவை மற்றைக் குப்பையினின்றும் வேறாகச் சேகரித்தல் வேண்டும் என்ற விதி 2025 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் ஆடைகளை வாங்கும் நாடுகள் இவ்வாறு மாறுங்கால், விற்கும் நாட்டிலும் கணக்குக் கேட்கப்படும் நாள் தொலைவில் இல்லை.

வீட்டில் இருப்போருக்கும் சிறு கடமை உண்டு. ஆடையின் உட்புறத்தில் தைத்துள்ள சீட்டில் அதன் கலப்பு எழுதப்பட்டிருக்கும். வாங்கும்போது விலைச் சீட்டைப் பார்க்கும் கண் அதையும் ஒருமுறை பார்க்கலாம். கழிக்கும்போது பருத்தியையும் செயற்கைத் துணியையும் வேறாக வைக்கலாம். முற்றத்தில் எரிப்பதை முற்றாகக் கைவிடலாம்.

பருத்திச் சேலையை ஏணையாக்கித் திரியாக்கிய தாய்மார், எந்தத் துணி எதற்கு உதவும் என்பதை நன்கறிந்திருந்தனர். அதனாலேயே அவர்கள் வீட்டிற் கந்தையும் வீணாகவில்லை. துணியின் இயல்பு இன்று மாறியிருக்கின்றது. அதனை அறிந்து, கலந்து போகுமுன் வகைப்படுத்தி வைக்கும் அந்தப் பழக்கத்துக்கு மாத்திரம் மாற்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.